உறைந்த ஏரியில் விண்ட்சர்ஃபிங்: வீட்டில் செய்த பலகையோடு தொடங்குவது எப்படி?

பாய் மாட்டிய பலகையில் நின்று, காற்றின் பலத்தில் தண்ணீர்மேல் ஓடுவதுதான் விண்ட்சர்ஃபிங். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு அக்டோபரோடு பருவம் முடிந்துவிடும். தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்து, அப்புறம் ஏரியே உறைந்துவிடும். பலகையும் பாயும் கராஜுக்குள் போய்விடும். ஆனால் காற்று நிற்பதில்லை. டொரன்டோவுக்கு வடக்கே, காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது. பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலான ஆண்டுகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை உறைந்து கிடக்கும். மரம் கிடையாது, வேலி கிடையாது, அலையும் கிடையாது. விண்ட்சர்ஃபிங் கொஞ்சம் தெரிந்த யாருக்கும் அந்த வெளியைப் பார்த்தால், இங்கே ஒரு பாயை நிமிர்த்தினால் என்ன ஆகும் என்று தோன்றாமல் இருக்காது.

நன்றாக ஓடும். தண்ணீரில் ஓடுவதைவிடக் குறைந்த காற்றில், அதைவிட அதிக வேகத்தில் ஓடும். அதற்கான பலகையை வீட்டிலேயே செய்துவிடலாம். அது எப்படி ஓடுகிறது, என்னென்ன வேண்டும், ஐஸ் மேல் கால் வைப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை முதல்முறை கேள்விப்படுகிறவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். ஏரித் தண்ணீர் உறைந்த கெட்டியை இந்தக் கட்டுரையில் ஐஸ் என்கிறேன். வானத்திலிருந்து விழுந்து அதன்மேல் கிடப்பதைப் பனி என்கிறேன். இரண்டுக்கும் பலகை வேறு வேறு.

முதலில் அடிப்படை. விண்ட்சர்ஃபிங்கில் மூன்று பொருள்தான் முக்கியம்: நிற்க ஒரு பலகை, காற்றைப் பிடிக்க ஒரு பாய், இரண்டையும் இணைக்க எந்தப் பக்கமும் சாய்ந்துகொடுக்கும் ஒரு மூட்டு. பாய்மரம் பலகையில் நட்டுவைத்தது கிடையாது. ஓட்டுகிறவர் பூம் என்ற கைக்கம்பியைப் பிடித்து அதைத் தானே தாங்கி நிற்கிறார். விட்டால் பாய் விழுந்துவிடும். இதற்கு ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968இல் கலிபோர்னியாவிலிருந்து விண்ணப்பித்து, 1970இல் காப்புரிமை வாங்கினார்கள். பின்னால் இங்கிலாந்தில் அந்தக் காப்புரிமை வழக்குக்கு வந்தபோது, பீட்டர் சில்வர்ஸ் 1958இல் 12 வயதுப் பையனாக ஹேலிங் தீவில் தானே செய்து ஓட்டிய பலகை சான்றாக முன்வைக்கப்பட்டது. 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. வீட்டில் பலகை செய்கிறவர்களுக்கு இந்த விளையாட்டில் அவ்வளவு பழைய இடம் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

முன்னால் வழுக்கணும், பக்கவாட்டில் வழுக்கக் கூடாது

இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும்.

காற்று பக்கத்திலிருந்து அடிக்கிறது. பாய் அதை வாங்கி, பெரும்பாலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னாலும் பலகையைத் தள்ளுகிறது. பக்கவாட்டில் நகர விடாமல் ஏதாவது ஒன்று தடுத்தால், பலகைக்கு முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஊறிய புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் முன்னால் பிதுங்கி ஓடுமே, அதே கணக்கு. ஒரு விரல் காற்று. இன்னொரு விரலின் வேலையைத் தண்ணீரில் பலகைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடு செய்கிறது. ஐஸில் அதைச் செய்வது கூரான எஃகு விளிம்பு. பனியில், காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பட்டையான ஸ்கீயின் ஓரம்.

ஆகவே பலகை செய்கிறவர் முன்னே இருப்பது ஒரே கேள்விதான். நீளவாக்கில் உராய்வு மிகக் குறைவாக, குறுக்குவாக்கில் மிக அதிகமாக இருக்கும்படி அடியில் எதை வைப்பது? ஐஸ் இதற்கென்றே படைத்த மாதிரியான பொருள். எஃகு விளிம்பு அதன்மேல் நீளவாக்கில் போகும்போது உராய்வு, எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடும். 70 கிலோ ஆளைத் தள்ள ஒரு கிலோவுக்கும் குறைவான விசை போதும். அதே விளிம்பு குறுக்கே நகர வேண்டுமென்றால் ஐஸைச் செதுக்கிக்கொண்டுதான் நகர முடியும்.

ஐஸ் ஏன் இவ்வளவு வழுக்குகிறது? பள்ளிக்கூடத்தில் பலருக்கும் சொல்லித்தந்த விடை, நம் எடையின் அழுத்தத்தில் ஐஸ் உருகி நீராகிறது என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி குறைக்க, சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 135 மடங்கு வேண்டும். 70 கிலோ ஆள் ஒரே ஒரு சதுர சென்டிமீட்டர் விளிம்பில் நின்றாலும் அழுத்தம் 70 மடங்கைத் தாண்டாது. அதாவது அரை டிகிரி. மைனஸ் 10இல் அது எதற்கும் காணாது. நடப்பது வேறு. உறைநிலைக்குக் கீழேயும் ஐஸின் மேற்பரப்பில் முழுக்கக் கெட்டிப்படாத மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே சொன்னார். அதோடு, நகரும்போது உராய்வால் உண்டாகும் சூடு இன்னும் கொஞ்சத்தை உருக்குகிறது. இதை பவுடன், ஹியூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிரவ்யோக்கில் சோதித்துப் பார்த்து 1939இல் எழுதினார்கள்.

இது வெறும் ஏட்டுச் சேதி கிடையாது, எந்த நாளில் ஏரிக்குப் போவது என்பதையே தீர்மானிக்கிற விஷயம். எஃகுக்கு ஐஸ் மிக நன்றாக வழுக்குவது மைனஸ் 7 டிகிரி வாக்கில். சுழியத்தை நெருங்கினால் ஐஸ் இளகி, விளிம்பு உள்ளே புதைந்து இழுக்கும். மைனஸ் 25க்குப் போனால் அந்த ஈர அடுக்கு மெலிந்து உராய்வு கூடும். பனியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கடுங்குளிரில் பனித்துகள்கள் ஸ்கீயின் அடியில் கரகரவென்று பிடித்து இழுக்கும்.

காற்றைவிட வேகமாகப் போவது எப்படி?

முதல்முறை கேட்கும்போது யாரும் நம்புவதில்லை. காற்று தள்ளித்தானே போகிறோம், அதைவிட வேகமாக எப்படிப் போவது? நியாயமான சந்தேகம்.

காற்றோடு ஒரே திசையில் போனால் முடியாதுதான். ஆனால் நாம் காற்றுக்குக் குறுக்கே போகிறோம். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது, நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நகர்வதாலேயே முகத்துக்கு நேரே 40 கிலோமீட்டர் காற்று உண்டாகிறது. பக்கத்திலிருந்து வரும் 20ஐயும் அதையும் சேர்த்தால், பாய்க்குத் தெரியும் காற்று சுமார் 45 கிலோமீட்டர். அது வருகிற திசையும் மாறிவிடும்; பக்கத்திலிருந்து வந்தது இப்போது முன்பக்கத்திலிருந்து 27 டிகிரி கோணத்தில் வரும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் (வேகம் 2 மடங்கானால் அழுத்தம் 4 மடங்கு), நின்றபோது பாயில் இருந்த விசையைப்போல் 5 மடங்கு இப்போது கிடைக்கிறது. வேகம் கூடக் கூடக் காற்றும் கூடுகிறது, காற்று கூடக் கூட வேகமும் கூடுகிறது.

தண்ணீரிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் அங்கே தண்ணீரின் தடை சீக்கிரமே குறுக்கே வந்துவிடும். ஐஸில் அந்தத் தடை கிட்டத்தட்ட இல்லை. காற்று மேலும் மேலும் முன்பக்கம் திரும்பி, இனி பாயால் அதைப் பிடிக்க முடியாது என்ற இடம் வரும்போதுதான் வேகம் நிற்கிறது. படுத்துக்கொண்டு ஓட்டும் ஐஸ் படகுகள் காற்றைப்போல் 3, 4 மடங்கு வேகம் போகும். 1937இல் டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகையின் பட்டறையில் பிறந்த டிஎன் வகைப் படகு வெறும் 12 அடி நீளம், 60 சதுர அடிப் பாய். இன்றும் உலகம் முழுக்கப் பந்தயத்தில் ஓடுகிறது. நின்றுகொண்டு ஓட்டும் நாம் அந்த வேகத்துக்குப் போக முடியாது, நம் உடம்பே காற்றைத் தடுக்கிறது. ஆனாலும் காற்றைத் தாண்டிப் போவது சாதாரணமாக நடக்கும்.

இன்னொன்று. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மைனஸ் 15இல் உள்ள காற்று, கோடையின் 25 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 15 சதவீதம் கனம். அதே வேகத்தில் அடித்தாலும் பாயில் அவ்வளவு கூடுதலாக இடிக்கும்.

இதிலிருந்து வருகிற முதல் முடிவு: பாய் சிறியதாக இருக்க வேண்டும். கோடையில் 20 கிலோமீட்டர் காற்றுக்கு 6, 7 சதுர மீட்டர் பாய் எடுக்கிறவர், ஐஸில் 3 அல்லது 4 சதுர மீட்டரோடு தொடங்கட்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிய பாய் இருந்தால் அதுவே சரி. பனியில் உராய்வு அதிகம் என்பதால் 5, 6 வரை போகலாம். முதல் நாளுக்குக் காற்று 12இலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். 30ஐத் தாண்டினால் அன்றைக்கு வேறு வேலை பார்ப்பது நல்லது.

பாய் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது என்பேன். இன்றைய பாய்களில் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள் குளிரில் நொறுங்கும். மடக்கிய இடத்திலேயே விரிசல் விடும். 1980களில் வந்த டேக்ரான் துணிப் பாய்களுக்கு அந்தக் கவலை கிடையாது. பழைய பொருள் விற்கும் கிஜிஜி இணையதளத்தில் பழைய விண்ட்சர்ஃபிங் சாமான் என்று மலிவாகப் போட்டிருப்பதில் பெரும்பாலும் பலகைதான் கெட்டுப்போயிருக்கும். பாயும் பாய்மரமும் பூமும் நமக்கு அப்படியே உதவும்.

ஐஸ் பலகை

பல வடிவங்கள் உண்டு. தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஸ்கேட்போர்டு வழியில் செய்வது. ஸ்கேட்போர்டில் சக்கரங்களைத் தாங்கும் அச்சு இருக்கிறதே, டிரக் என்பார்கள், அதில் இரண்டு வாங்குங்கள்; அகலமானதாக இருந்தால் நல்லது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஃகுத் தகடு மாட்டப் போகிறோம். பலகையை ஒரு பக்கம் சாய்த்தால் டிரக் அந்தப் பக்கம் திரும்பும். தண்ணீரில் தொடங்குகிறவர் பாயை முன்னும் பின்னும் சாய்த்துத்தான் திசை மாற்ற வேண்டும். இதில் கால் அழுத்தமே திசை மாற்றிவிடும். பழகுவது சுலபம்.

மேல்தட்டுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். நீளம் 110இலிருந்து 130 சென்டிமீட்டர், அகலம் 25 வாக்கில். வெட்டிய ஓரங்களுக்கும் துளைகளின் உட்பக்கத்துக்கும் வார்னிஷ் அடிக்க மறக்காதீர்கள். உள்ளே இறங்கும் ஈரம் அங்கேயே உறைந்து ஒட்டைப் பிளந்துவிடும். மேலே கால் வழுக்காமல் இருக்க ஸ்கேட்போர்டுக்கு ஒட்டும் சொரசொரப்புத் தாள் போதும். கால் வளையம் வேண்டாம். முதல் குளிர்காலம் முழுக்கக் கால்கள் எந்த நொடியும் வெளியே வரும்படி இருக்கட்டும்.

பாய்மர மூட்டை முன் டிரக்குக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். விண்ட்சர்ஃபிங் மூட்டுகள் பலவும் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் நிற்கும். பிளைவுட்டுக்கு அடியில் அகலமான வாஷர் போட்டு, நைலான் வைத்த நட்டால் இறுக்கினால் அதிர்வில் கழலாது. மூட்டின் நடுவில் இருக்கும் பாலியூரித்தேன் துண்டு குளிரில் விறைத்துவிடும். அது அறுந்தால் பாய் கையோடு வந்துவிடும், பலகை தனியாக ஓடிவிடும். அதனால் மூட்டைச் சுற்றி ஒரு கெட்டிக் கயிறு கட்டி, மேல் கீழ் இரண்டு பக்கமும் பிணைத்துவையுங்கள்.

இனி எஃகுத் தகடுகள். பலகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுப் பட்டையில், 25 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் உயரம் என நான்கு துண்டு. முன் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். ஐஸில் விரிசலும் மேடும் வந்தால் ஏறிப் போவதற்கு. இன்னும் குட்டையாக வெட்டினால் விரிசலுக்குள் மூக்கு இறங்கிவிடும், பலகை அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள். அடி விளிம்பு முழுநேராகவும் இருக்கக் கூடாது, நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு வில் வளைவு வேண்டும். நேர்க்கோல் ஒன்றை வைத்துப் பார்த்தால் நடுவில் தொட்டு, இரண்டு முனையிலும் தாள் நுழையும் இடைவெளி தெரிய வேண்டும்.

விளிம்பை இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்த்து, மொத்தம் 90 டிகிரிக் கூராக அரம் போடுங்கள். கையால் பிடித்து அராவினால் கோணம் தவறும். ஒரு மரத்துண்டில் 45 டிகிரியில் அரத்தைப் பதித்துக்கொண்டு, தகட்டை அதன்மேல் இழுப்பதே சரியான வழி. கடைசியாக மெல்லிய சாணைக்கல்லால் பிசிறு எடுத்துவிட வேண்டும். கூர் போதுமா என்று பார்க்க, கட்டைவிரல் நகத்தை விளிம்பின்மேல் லேசாகக் குறுக்கே இழுங்கள். நகத்திலிருந்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சரி. வழுக்கிப் போனால் இன்னும் அராவ வேண்டும்.

மாட்டும்போது ஒரே அச்சில் இருக்கும் இரண்டு தகடுகளும் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் இணையாக நிற்க வேண்டும். முன்முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் பின்முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஐஸைச் சுரண்டிக்கொண்டே வரும். ஓட்டிவிட்டு வந்த தடத்தைக் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். கருத்த தெளிந்த ஐஸில் முடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தால் எல்லாம் சரி. கோடு விரலகலத்துக்கு மாவாகப் பரந்திருந்தால் இரண்டில் ஒன்று: கூர் போய்விட்டது, அல்லது தகடுகள் இணையாக இல்லை. எந்த அளவுகோலையும்விட இந்தக் கோட்டை நான் நம்புவேன்.

பனிக்கு என்றால்

ஏரி முழுக்கப் பனி மூடியிருந்தால் எஃகுத் தகடு புதைந்துவிடும். அப்போது பழைய ஸ்கீ ஒரு ஜோடி வேண்டும். 150, 160 சென்டிமீட்டர் நீளமுள்ளவை, காலை மாட்டும் கட்டுகளைக் கழற்றிய நிலையில். அவற்றை 35, 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாகப் படுக்கவைத்து, மரக்கட்டைகள் கொடுத்து ஒரு ஜாண் உயரத்துக்குள் மேலே பிளைவுட் பொருத்தினால் முடிந்தது. போல்ட்டின் தலைகள் ஸ்கீயின் அடிப்பக்கத்தில் துருத்தாமல் உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். குழியை எபாக்சிப் பசையால் நிரப்பித் தேய்த்துவிடுங்கள். அடியில் அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகு பூசினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இது டிரக் பலகை மாதிரி சட்டென்று திரும்பாது. பெரிய வட்டமடித்துத்தான் திரும்பும், அதற்கும் பாயை முன்பின் சாய்க்க வேண்டும். காற்றில் இறுகி மேல்தோல் கெட்டித்த பனியில் அருமையாக ஓடும். புதிதாக விழுந்த முழங்கால் ஆழப் பனியில் ஸ்கீயின் ஓரத்துக்குப் பிடிமானமே கிடைக்காது. பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்க ஒன்றுமில்லாததால் பாய் எவ்வளவு பெரிதானாலும் முன்னேற்றம் இருக்காது. அதே சமயம், கீழே விழுந்து பழக பனிதான் நல்லது. இரண்டில் எதில் தொடங்குவது என்று கேட்டால், இறுகிய பனி என்றே சொல்வேன்.

ஏரியில் கால் வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் வேகமாகப் படித்துவிடாதீர்கள்.

தனி ஆள் நடக்கவும் சறுக்கவும் ஐஸ் 15 சென்டிமீட்டர் கனம் வேண்டும் என்பது கனடிய செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு. கூட்டமாக என்றால் 20. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் இயற்கைவளத் துறை 10 சென்டிமீட்டருக்குக் கீழே ஏறவே கூடாது என்கிறது. இதெல்லாம் தெளிந்த புது ஐஸுக்கு, அதாவது கருப்பாகத் தெரியும் ஐஸுக்கு. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸுக்கு வலு ஏறக்குறையப் பாதிதான். அதற்கு இரண்டு மடங்கு கனம் வேண்டும். நம் விளையாட்டில் சில நிமிடங்களிலேயே கரையைவிட்டு ஒரு கிலோமீட்டர் போய்விடுவோம் என்பதால், கரையோரம் ஒரு துளை போட்டு அளந்தது போதாது. ஓடப்போகும் பகுதி முழுக்க நடந்து, அங்கங்கே துளையிட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஒரே ஏரிக்குள்ளேயும் எல்லா இடமும் ஒன்றாக உறைவதில்லை. சிம்கோவின் தெற்கு மூலையில் உள்ள குக்ஸ் பே ஆழம் குறைந்தது, சீக்கிரம் உறையும். ஆனால் அங்கே ஹாலண்ட் ஆறு வந்து விழுகிறது. ஆற்றுவாய்களில் ஓட்டம் இருப்பதால் ஐஸ் மெல்லிசாகவே இருக்கும். மேற்கே பேரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் பே ஏரியிலேயே மிக ஆழமான பகுதி, உறைய நாளாகும். படகுத்துறைகளைக் காக்கச் சிலர் தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடுவார்கள். அதைச் சுற்றியும் நம்பக் கூடாது. வெப்பம் ஏறி இறங்கும்போது ஐஸ் விரிந்து சுருங்கி, ஒன்றோடொன்று முட்டி வரப்பாக எழும்பி நிற்கும் இடங்கள் உண்டு. அந்த வரப்புக்குப் பக்கத்திலேயே திறந்த தண்ணீர் இருக்கலாம்.

சிம்கோவில் குளிர்கால மீன்பிடி ஒரு பெரிய தொழில். ஐஸ் மேல் குடில் போட்டு வாடகைக்கு விடுகிறவர்கள் தினமும் அதன்மேல் வண்டி ஓட்டுகிறவர்கள். எந்த இடத்தில் எவ்வளவு கனம், நேற்று எங்கே விரிசல் விட்டது என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். அவர்கள் குடில்களுக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள்; துளைகளும் இருக்கும், மனிதர்களும் இருப்பார்கள்.

தலைக்கவசம், முழங்கால் காப்பு, பனிக்கண்ணாடி, சட்டைக்கு மேலேயோ கீழேயோ ஒரு மிதவை அங்கி. பூட்ஸுக்கடியில் மாட்டும் முள்தகடு இல்லாமல் பாயைத் தூக்கவே முடியாது. கழுத்தில் தொங்கவிடும் இரண்டு ஐஸ் ஊசிகள் விலை குறைந்தவை, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானவை. உள்ளே விழுந்துவிட்டால் கைக்குப் பிடி கிடைக்க அதுதான் வழி. குளிர்நீரில் விழுந்தவர்களைப் பற்றி நெடுங்காலம் ஆய்ந்த மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சை அடக்கி நிலைப்படுத்த. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். வெளியே வர அதற்குள் முயல வேண்டும். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகும். விழுந்தால் வந்த திசைக்கே திரும்புங்கள், அங்கே உள்ள ஐஸ் உங்களை ஏற்கனவே தாங்கியது. ஊசிகளைக் குத்தி, கால்களை உதைத்து, வயிற்றில் சறுக்கி ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். இதைப் படித்துவிட்டுத் தனியாகப் போகிறவர் யாரும் இருக்கக் கூடாது. கரையில் கயிற்றோடு ஒருவர் இருக்க வேண்டும்.

குளிரையும் கணக்குப் போட்டே ஆக வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 20 மாதிரி இருக்கும். ஓடும்போது முகத்தில் படும் காற்று 60 ஆனால் மைனஸ் 23. மூக்கும் கன்னமும் மரத்துப்போவது உங்களுக்குத் தெரியாது, கூட இருக்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் ஓட்டம்

முதலில் நிறுத்தப் பழகுங்கள், அப்புறம் ஓடப் பழகலாம். பலகைக்கு பிரேக் கிடையாது. பின்கையைத் தளர்த்தினால் பாய் காற்றை விட்டுவிடும், ஆனால் தண்ணீரில் மாதிரி உடனே நிற்காது. உராய்வு இல்லாததால் வெகுதூரம் வழுக்கிக்கொண்டே போகும். பின்கையைத் தளர்த்தி, மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பினால் வேகம் தணியும். எதுவும் சரிவராவிட்டால் பாயைக் கீழே போட்டுவிட வேண்டும். ஐஸில் உரசி இழுக்கும் பாய்தான் கடைசி பிரேக். நின்ற இடத்திலேயே பாயைத் தூக்கிப் பிடித்து, பின்கையைத் தளர்த்தி, கீழே போட்டு, மறுபடி தூக்கி என்று கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.

அப்புறம் பலகையைக் காற்றுக்குக் குறுக்காக வைத்து, முன்காலைப் பாய்மரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்காலால் தரையை உந்துங்கள். ஸ்கேட்போர்டு விடுகிற மாதிரியே. இரண்டு உந்து போதும், பாயை லேசாக இழுத்தால் பலகை தானே எடுத்துக்கொள்ளும். பின்கால் பின் டிரக்குக்கு மேலே இருக்கட்டும். வேகம் ஏறும்போது காற்று முன்பக்கம் திரும்புகிறது என்று மேலே பார்த்தோமே, அதற்கேற்பப் பாயை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டே வர வேண்டும். தண்ணீரில் பழகியவர்கள் பின்னால் சாய்ந்து பாயில் தொங்குவார்கள். ஐஸில் முதல் நாளே அப்படித் தொங்காதீர்கள். காற்று ஒரு நொடி விட்டால் பின்மண்டை ஐஸில் இடிக்கும். முழங்காலை மடக்கி, எடையைப் பலகைமேல் வைத்து நில்லுங்கள்.

குறுக்கே போய்க் குறுக்கே திரும்பி வாருங்கள். காற்று போகும் திசையில் இறங்காதீர்கள். அங்கே வேகம் எதிர்பாராமல் ஏறும், திரும்பி வரவும் சிரமம். ஒவ்வொரு முனையிலும் நின்று, இறங்கி, பலகையைக் கையால் திருப்பி வைத்துக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டே திரும்புவதெல்லாம் பிறகு வரும். இதிலேயே ஊறிப்போனவர்களுக்கு உலகப் போட்டிகள்கூட உண்டு. உலக ஐஸ், பனிப் பாய்மர விளையாட்டுச் சங்கம் நடத்தும் போட்டிகளில் பாய்ப் பலகை, ஆளை இழுத்துப் போகும் பட்டமான கைட், கையில் பிடிக்கும் இறக்கை என எல்லாரும் ஒரே ஏரியில் இறங்குவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தகடுகளைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் தகட்டின் நீளத்துக்கு நான்கு துண்டு வெட்டி, நீளவாக்கில் கீறிவிட்டால் விளிம்புக்கு நல்ல உறை. அது கூரையும் காக்கும், கராஜில் ஓடியாடும் பிள்ளைகளின் காலையும் காக்கும். மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கியதும் கனம் எவ்வளவு இருந்தாலும் ஏரியை விட்டுவிடுங்கள். அப்போது ஐஸ் உள்ளுக்குள்ளேயே செங்குத்துக் குச்சிகளாகப் பிரிந்திருக்கும்; துளையிட்டு அளந்தால் 30 சென்டிமீட்டர் காட்டும், ஆனால் ஆளைத் தாங்காது.